ஹாங்காங் பறவைத் தோட்டத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

ஹாங்காங் போகிற நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் டிஸ்னிலேண்ட், விக்டோரியா பீக், பெரிய புத்தர் சிலை, அப்புறம் கொஞ்சம் ஷாப்பிங் என்று நான்கு நாளை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் அங்கே சில வருடம் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரே ஒரு காலைப்பொழுதை எனக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டு வாங்கி, மாங் காக் பக்கத்தில் யூன் போ தெருவில் இருக்கிற பறவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. வரிசையும் கிடையாது. ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெரியாமல் போனால் பத்தே நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நாலு போட்டோ எடுத்து, "அவ்வளவுதானா" என்று வெளியே வந்துவிடுவீர்கள். அப்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தோட்டம், உள்ளே சுமார் 70 கடைகள், ஆக இது சந்தைதான். ஆனாலும் அங்கே பாதிப்பேர் வாங்கவும் விற்கவும் வருவதில்லை. சொந்தப் பறவையைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு வந்து, மற்றப் பறவைகளின் பாட்டை அது கேட்கட்டும், அதன் பாட்டை நாலு பேர் கேட்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் அவர்கள். நீங்களும் கேட்கத்தான் போகிறீர்கள். கடைகளை வேடிக்கை பார்ப்பது இரண்டாம் பட்சம்.

எப்போது போவது

தோட்டம் காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணி வரை திறந்திருக்கும். கடைகள் அவ்வளவு சீக்கிரம் திறக்காது, பத்து மணியைத் தாண்டித்தான் எல்லாம் களைகட்டும். ஆனால் பாட்டு கேட்க வேண்டுமென்றால் காலையில்தான் போக வேண்டும், பறவை நன்றாகப் பாடுவதும் வெயில் ஏறுவதற்கு முன்புதான். நான் எப்போதும் எட்டு, எட்டரைக்கெல்லாம் போய், ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க எழுந்து நடக்க ஆரம்பிப்பேன். மதியம் போனால் சுற்றுலாப் பயணிகளின் சத்தம்தான் கேட்கும்.

மாதம் என்று பார்த்தால் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை அருமை, காற்று உலர்ந்து இதமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சென்னை மே மாதத்தைவிடப் புழுக்கம், அதோடு புயல் காலம் வேறு. புயல் எச்சரிக்கை 8ஆம் எண் ஏற்றிவிட்டால் ஊரே மூடிவிடும், அன்றைக்கு அறையிலேயே இருங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 14 நாள் வரை தங்க விசா தேவையில்லை, ஆனால் 2017 ஜனவரியிலிருந்து கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் முன்பதிவு செய்து ஒப்புதல் வாங்கியாக வேண்டும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்னால் அதை முடித்துவிடுவது நல்லது. அப்புறம், போகிற வாரத்தில் ஒருமுறை உள்ளூர்ச் செய்திகளைப் பாருங்கள். பறவைக் காய்ச்சல் கண்டால் இந்தத் தோட்டத்தை மூடிவிடுவார்கள், முன்பு மூடியும் இருக்கிறார்கள். அந்த ஊருக்கு அதில் பட்ட அனுபவம் பெரிது: 1997இல் எச்5என்1 கிருமி முதன்முதலாகக் கோழிகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றியது ஹாங்காங்கில்தான். 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள், ஊரிலிருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைச் சில நாட்களுக்குள் கொன்று அகற்றினார்கள். அதனால் மூடியிருந்தால் கோபப்படாமல் திரும்பிவிடுங்கள்.

வழி

எம்.டி.ஆர். ரயிலில் பிரின்ஸ் எட்வர்ட் நிலையத்தில் இறங்கி, பி1 வாசல் வழியாக மேலே வாருங்கள். பிரின்ஸ் எட்வர்ட் சாலை மேற்கு என்ற பெரிய சாலை, அதிலேயே கிழக்குப் பக்கமாகப் பத்து நிமிட நடை. இடது பக்கம் உள்ளே போகிற பூச்சந்தைத் தெருவில் திரும்பிவிட்டால் இன்னும் நல்லது, வாளி வாளியாகப் பூக்களுக்கு நடுவே நடந்து, கடைசியில் பறவைத் தோட்டத்து வாசலுக்கே வந்து சேரலாம். இன்னொரு வழி மாங் காக் கிழக்கு ரயில் நிலையம், அதில் சி வாசல். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், ஆனால் பூச்சந்தை வழியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் வருவதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். டாக்ஸியில் வந்தால் ஆங்கிலப் பெயர் சில ஓட்டுநர்களுக்குப் பிடிபடாது, கைபேசி வரைபடத்தில் சீன எழுத்தில் வரும் பெயரைக் காட்டிவிடுங்கள். வாயால் சொல்வதென்றால் "ஜொக் சை காய்", அதாவது குருவித் தெரு.

இந்தப் பெயர் பழைய இடத்தின் பெயர். முன்பு பறவைக் கடைகள் மாங் காக்கில் ஹோங் லோக் தெரு என்ற குறுகிய சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. நகரப் புதுப்பிப்பில் அந்தச் சந்தே இல்லாமல் போய், அங்கே இன்றைக்கு லாங்ஹம் பிளேஸ் என்ற பெரிய மால் நிற்கிறது. கடைக்காரர்களுக்காக 1997இல் யூன் போ தெருவில் இந்தத் தோட்டத்தைக் கட்டிக்கொடுத்தார்கள். பழைய சீனத் தோட்டத்தின் பாணி: வட்ட வடிவ நிலவு வாசல்கள், சிறு முற்றங்கள், நிழலுக்கு மரங்கள். தெரு போய் முற்றம் வந்தாலும் ஊர்க்காரர்கள் வாயில் அது இன்னும் குருவித் தெருதான். வடக்கே கொஞ்சம் தள்ளி ஓடுகிற எல்லைத் தெருவையும் பார்த்துவிடுங்கள், பெயர் சும்மா வைத்ததில்லை. 1860இல் பிரிட்டிஷார் எடுத்துக்கொண்ட நிலத்துக்கும் அதற்கு வடக்கே சீனாவிடம் இருந்த நிலத்துக்கும் கோடு அங்கேதான் ஓடியது. 1898இல் வடக்குப் பகுதியையும் குத்தகைக்கு எடுத்த பிறகு கோடு போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

உள்ளே போனதும்

உடனே கடைகளுக்குள் நுழையாதீர்கள். முற்றத்தில் ஓர் இருக்கை பார்த்து உட்காருங்கள். கூண்டுகளை மாட்டுவதற்கென்றே கம்பிகளும் கிளைகளும் இருக்கும், பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து, துணி போர்த்திய கூண்டைக் கொக்கியில் மாட்டி, மெதுவாகத் துணியை நீக்குவார்கள். அந்தத் துணி அழகுக்கு இல்லை. வழியில் வண்டிச் சத்தத்திலும் ஆள் நடமாட்டத்திலும் பறவை மிரளாமல் இருப்பதற்கு. சிலர் நடக்கும்போது கூண்டை லேசாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே வருவதைப் பார்ப்பீர்கள். பறவை குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அதுவே அதற்குக் கால் பயிற்சி என்பது அவர்கள் கணக்கு. ஒரு காலத்தில் இந்தக் கூண்டுகளோடு தேநீர்க் கடைக்கே போய், மேலே கம்பியில் மாட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்து காலைத் தேநீர் குடிக்கிற வழக்கம் ஹாங்காங்கில் இருந்தது. இப்போது அது போய்விட்டது, மிஞ்சியது இந்தத் தோட்டம்தான்.

துணி நீங்கி ஐந்து, பத்து நிமிடம் ஆனதும் ஒரு பறவை தொடங்கும். பக்கத்துக் கூண்டில் பதில் வரும். அப்புறம் மூன்றாவது. இதற்குக் காரணம் நட்பு இல்லை. பாடுகிறவை பெரும்பாலும் ஆண் பறவைகள், இன்னோர் ஆணின் குரல் கேட்டதும் "இது என் இடம்" என்று சொல்லத்தான் குரலை உயர்த்துகின்றன. அதனால்தான் சில கூண்டுகளை ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் வைத்து, பார்க்க முடியாதபடி நடுவில் துணியை விட்டுவைப்பார்கள். நேருக்கு நேர் பார்த்துவிட்டால் பாட்டு நின்று சண்டைதான். இது தெரிந்த பிறகு கேளுங்கள், காது வேறு மாதிரி வேலை செய்யும். எந்தக் கூண்டு தொடங்கியது, எது பதில் சொல்கிறது, எது பயந்து வாயை மூடிக்கொண்டது என்று பிரித்துக் கேட்க முடியும். என் மாமாவை ஒருமுறை கூட்டிப்போனேன், ஊரில் புறா வளர்த்தவர். அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "அந்த மூணாவது கூண்டுக்காரன் இன்னைக்கு ஜெயிச்சுட்டான்" என்றார். பக்கத்தில் இருந்த சீனப் பெரியவருக்கு மாமா சொன்னது ஒரு சொல்லும் புரியாது, ஆனால் மாமா கை காட்டிய கூண்டைப் பார்த்துத் தலையை ஆட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

எந்தப் பறவைகள்? நமக்குத் தெரிந்த முகங்களே நிறைய. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட வெள்ளைக்கண்ணி, நம்மூர்த் தோட்டங்களில் திரிகிற அதன் உறவுக்காரக் குருவிதான், சிறிய கூண்டில் இருக்கும். கறுப்பு வெள்ளையில் வாலைத் தூக்கி நிற்கிற வண்ணாத்திக்குருவியும் உண்டு. குண்டுகரிச்சான் என்றும் சொல்வோமே, அது நம்மூரில் இருக்கும் அதே இனம்தான். நமக்குப் புதியது ஹுவாமெய். நம் மலைகளில் இருக்கிற சிரிப்பான்களுக்குச் சொந்தம், உடம்பெல்லாம் பழுப்பு, கண்ணைச் சுற்றிப் பின்னால் நீளும் வெள்ளைக் கோடு. பெயருக்கே "தீட்டிய புருவம்" என்றுதான் அர்த்தம். இதன் கூண்டு பெரியது, உயரமானது. பாட்டென்றால் இதுதான், மற்றவை எல்லாம் துணைக்கு. கடைகளில் தொங்குகிற வண்ண வண்ணக் கிளிக்குஞ்சுகளை நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வோம், அவற்றில் முக்கால்வாசி பட்ஜி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இனம், உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு கிளி. காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளி, ஜாவா சிட்டு, பெரிய கிளிகள் எல்லாம் இருக்கும்.

தரையையும் பாருங்கள். சிந்துகிற தினையைப் பொறுக்க வெளிக்குருவிகள் கூட்டமாக வரும். நம் சிட்டுக்குருவி போலவே தோன்றும், ஆனால் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். இது மரச்சிட்டு, ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. கூண்டுக்குள் இருப்பதையும் கூண்டுக்கு வெளியே இருப்பதையும் ஒரே இடத்தில் பார்ப்பது மனதை என்னவோ செய்யும். எனக்கு ஒவ்வொரு தடவையும் செய்திருக்கிறது.

நடந்துகொள்ளும் முறை

கூண்டைத் தொடாதீர்கள், விரலை உள்ளே விடாதீர்கள், சீழ்க்கை அடித்துப் பறவையை உசுப்பாதீர்கள். போட்டோ எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். நிறையக் கடைகளில் படம் எடுக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருப்பார்கள். கேட்பது சுலபம்: கைபேசியைக் காட்டி "தக் ம்தக்?" என்றால் போதும், "சரியா, இல்லையா" என்று அர்த்தம். "தக்" என்றால் எடுக்கலாம், "ம்தக்" என்றால் வேண்டாம். பிளாஷ் எப்போதும் கூடாது. காலையில் பார்க்கிறவருக்கு "ஜோ சான்", வழி விடவும் நன்றி சொல்லவும் "ம்கோய்", பறவையைப் பார்த்து "ஹோ லெங்", ரொம்ப அழகு. இந்த நான்கு சொல்லுக்கு அங்கே கிடைக்கிற மரியாதை பெரிது. பெரியவர்கள் சிலர் கூண்டை உங்கள் பக்கம் திருப்பியே காட்டுவார்கள்.

கடைகளில் உயிரோடு வெட்டுக்கிளிகளைப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து விற்பதையும், அவற்றை ஒவ்வொன்றாகச் சாப்ஸ்டிக் குச்சியால் எடுத்துப் பறவைக்கு ஊட்டுவதையும் பார்ப்பீர்கள். புழுக்களும் தட்டு தட்டாக இருக்கும். சிறு பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

என்ன வாங்கலாம், என்ன கூடாது

பறவை வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. சுற்றுலா போய்வருகிறவர் பறவையைப் பெட்டியோடு இந்தியாவுக்குக் கொண்டுவர முடியாது என்பது ஒரு பக்கம். ஹுவாமெய், ஏறக்குறைய எல்லாக் கிளி வகைகள் ஆகியவை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கைக்குள் வருகின்றன, காகிதம் இல்லாமல் எல்லை தாண்டினால் குற்றம். ஹாங்காங்கில் 2018இல் சட்டத்தைக் கடுமையாக்கி, அழியும் இனங்களைக் கடத்தினால் அதிகபட்சம் 1 கோடி ஹாங்காங் டாலர் அபராதமும் 10 வருடம் சிறையும் என்று வைத்திருக்கிறார்கள். நம்மூரில் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பதே 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதைப் பலர் இன்னும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

அங்கேயே குடியிருக்கிறவர், சட்டப்படி வளர்க்கப்போகிறவர் என்றால் ஒன்று சொல்கிறேன். கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா என்று பாருங்கள். முறையாக வளர்க்கிறவர்கள் குஞ்சு பிறந்த சில நாளிலேயே காலில் மூட்டில்லாத வளையம் போடுவார்கள், வளர்ந்த பறவைக்கு அதைப் போட முடியாது. வளையம் இல்லை, சிறகு நுனிகள் உடைந்திருக்கின்றன, அலகுக்கு மேலே கம்பியில் மோதிய காயம், ஆள் கிட்டே போனால் கூண்டுக்குள் தெறித்து ஓடுகிறது என்றால் அது சில நாட்களுக்கு முன்பு வரை எங்கோ மரத்தில் இருந்த பறவை. அதற்குப் பணம் கொடுத்தால் அந்த இடத்தில் நாளைக்கு இன்னொன்று வந்துவிடும்.

இதே காரணத்துக்காகத்தான் விடுதலை செய்வதற்காகப் பறவை வாங்குவதும் வேண்டாம் என்கிறேன். "ஃபோங் சாங்" என்று அங்கே ஒரு வழக்கம், உயிரை விடுவித்துப் புண்ணியம் தேடுவது. கூண்டைப் பார்த்து மனம் இளகி, நம்மவர்களும் ஒன்றிரண்டை வாங்கித் திறந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல மனதுதான். ஆனால் விடுவதற்கென்றே பிடித்து வருகிறார்கள், வரும் வழியிலேயே பல செத்துப்போகும், மிஞ்சியவை பழக்கமில்லாத ஊரில் இரை தெரியாமல் சாகும், நோயையும் பரப்பும்.

கூண்டிலிருந்து தப்பியோ விடப்பட்டோ பிழைத்துக்கொண்டவையும் உண்டு. மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ இந்தோனேசியா, கிழக்குத் திமோர் தீவுகளுக்குச் சொந்தமான வெள்ளைக் கிளி, அங்கே அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஹாங்காங்கிலோ வளர்ப்புப் பறவைகளின் வம்சமாகச் சுமார் 200 காக்கட்டூக்கள் நகரத்து மரங்களில் சுதந்திரமாக வாழ்கின்றன, உலகில் கூண்டுக்கு வெளியே மிஞ்சியிருப்பவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கூண்டில்லாமல் பார்க்க வேண்டுமானால் மாலையில் ஹாங்காங் தீவுப் பக்கம் இருக்கிற ஹாங்காங் பூங்காவுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள், கத்தல் முதலில் கேட்கும்.

சரி, வாங்குவதற்கு என்னதான் இருக்கிறது? கூண்டுக்குள் தண்ணீரும் தீனியும் வைக்கிற சின்னஞ்சிறு பீங்கான் கிண்ணங்கள். கட்டைவிரல் அளவில், வெள்ளையில் நீலம் தீட்டி, மீன், பூ, மூங்கில் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். நான் கொண்டுவந்தவற்றில் வீட்டில் குங்குமம் வைத்திருக்கிறோம். கூண்டு மாட்டுகிற பித்தளைக் கொக்கிகளும் நன்றாக இருக்கும். மூங்கில் கூண்டு பெரிய விஷயம். ஆணி இல்லாமல் குச்சிகளைத் துளைகளில் கோத்துச் செய்த கைவேலைக் கூண்டை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால், ஆலையில் செய்த மலிவுக் கூண்டுக்கும் அதற்கும் வித்தியாசம் உடனே தெரியும். குச்சிகள் ஒரே பருமனாக, வழவழப்பாக, கதவு சத்தமில்லாமல் ஏறி இறங்கும். கையால் செய்கிறவர்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். பழைய வேலைப்பாடு உள்ள கூண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்பார்கள், கேட்பது நியாயம். வாங்குவதாக இருந்தால் விமானத்தில் கையோடு கொண்டுபோகிற அளவு என்ன என்று விமான நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். விலை கேட்க "கேய் தோ சின்?". ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பொருள் சேர்த்து எடுத்தால் கொஞ்சம் குறைப்பார்கள், ஒரு கிண்ணத்துக்கு அடித்துப் பேசாதீர்கள். தினை, விதைத் தீவனம், பூச்சந்தையில் கிழங்குகள் எதுவும் வேண்டாம், தாவர நோய்த் தடுப்பு விதிகளால் நம்மூர் விமான நிலையத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள்.

வெளியே வரும்போது

கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். உலர்ந்த எச்சத் தூசியில்தான் சிக்கல், கிளிகளிடமிருந்து மனிதர்களுக்கு நுரையீரல் தொற்று வருவதும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் முகக்கவசம் போட்டுத் திறந்த முற்றத்தோடு நின்றுவிடுங்கள், நெருக்கமான கடைகளுக்குள் போக வேண்டாம். திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால் பறவைச் சந்தைக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவராக அதைக் கேட்க மாட்டார். ஊரில் கோழியோ புறாவோ வளர்க்கிறவர்கள் அன்று போட்ட செருப்பைக் கழுவி, துணியைத் துவைத்த பிறகுதான் கூட்டுப் பக்கம் போக வேண்டும்.

மணி பதினொன்று ஆகியிருக்கும். வந்த வழியே பூச்சந்தையில் திரும்பி நடந்து, பிரின்ஸ் எட்வர்ட் சாலையைத் தாண்டினால் துங் சோய் தெருவில் தங்கமீன் சந்தை, சுவர் முழுக்கத் தண்ணீர்ப் பைகளில் மீன்கள் தொங்கும். அதற்கு அரை மணி நேரம் போதும். பசித்தால் அதே ரயில் பாதையில் பிரின்ஸ் எட்வர்டிலிருந்து நான்காவது நிறுத்தமான சிம் ஷா சுய்யில் இறங்குங்கள், சுங்கிங் மேன்ஷன்ஸ் என்ற கட்டிடத்துப் பக்கம் நம்மூர்ச் சாப்பாடு கிடைக்கும். பீங்கான் கிண்ணங்களைக் காலுறைக்குள் சுற்றி, அதைச் சட்டைக்குள் வைத்துப் பெட்டியின் நடுவில் அடுக்குங்கள். இதுவரை எனக்கு ஒன்றுகூட உடைந்ததில்லை.